பத்தாம் வகுப்போடு நின்றுபோன பந்தி

1982 ஜூலை 1ஆம் தேதி, திருச்சி மாவட்டம் பாப்பாகுறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 1956இல் காமராஜர் தொடங்கிய பள்ளி மதிய உணவை அது பல மடங்கு விரித்தது. முதலில் கிராமத்துச் சிறு பிள்ளைகள், அந்த ஆண்டு செப்டம்பரில் நகரத்துப் பிள்ளைகள், 1984இல் பதினைந்து வயது வரையிலான மாணவர்கள் என்று பந்தி நீண்டுகொண்டே போயிற்று. 2022இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் இன்னொரு வேளையையும் சேர்த்துக்கொண்டது. படிக்கிற பிள்ளைக்குச் சோறு போடுவது அரசின் கடமை என்பதில் தமிழ்நாட்டில் இன்று கட்சி வேறுபாடு கிடையாது.

அந்தக் கடமை பத்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. துறையூர்ப் பக்கத்துக் கிராமத்தில் சத்துணவு சாப்பிட்டு வளர்ந்த ஒரு பெண், பதினேழு வயதில் திருச்சிக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. சேர்கிறாள். அவள் குடும்ப வருமானம் மாறவில்லை. வீட்டுக்கும் வகுப்புக்கும் இடையிலான தூரம் நாற்பது கிலோமீட்டராகிவிட்டது. உதவித்தொகைக்கு ஒரு துறை, மாதம் ஆயிரம் ரூபாய்க்கு ஒரு துறை, பேருந்துக்கு ஒரு துறை என்று அவள் பெயர் பல பதிவேடுகளில் இருக்கிறது. காலையில் சாப்பிட்டாயா, இரவு எங்கே தங்குவாய், திடீரென்று அப்பா படுத்துவிட்டால் இந்தப் பருவத்தை எப்படி முடிப்பாய் என்று கேட்பது மட்டும் யாருடைய வேலையாகவும் இல்லை.

பிரான்சில் அது ஒரு நிறுவனத்தின் வேலை. 1955 ஏப்ரல் 16ஆம் தேதிச் சட்டத்தின்படி உருவான அந்த அமைப்பை அங்கே மாணவர்கள் ‘க்ரூஸ்’ என்று சுருக்கி அழைக்கிறார்கள். வட்டாரத்துக்கு ஒன்றாக இயங்கும் மாணவர் நல மையம் அது. அந்த மாதிரியைத் திருச்சியில் நின்றுகொண்டு பார்ப்பது இந்தக் கட்டுரையின் நோக்கம். நம்மிடம் பணமும் மனமும் இருந்தும் எது இல்லாமல் போனது என்பதை அந்த ஒப்பீடு காட்டிக்கொடுக்கும் என்று நம்புகிறேன்.

திருச்சி கல்லூரிகளால் ஆன ஊர். தூய வளனார் கல்லூரி 1844இல் நாகப்பட்டினத்தில் பிறந்து 1883இல் மலைக்கோட்டை அடிவாரத்துக்கு வந்தது. தேசியக் கல்லூரி 1919, ஹோலி கிராஸ் 1923, ஜமால் முகமது கல்லூரியும் சீதாலட்சுமி ராமசுவாமி கல்லூரியும் 1951, மண்டலப் பொறியியல் கல்லூரி 1964. 1965இல் பெரியார் அளித்த நன்கொடையோடு காஜாமலையில் எழுந்த அரசுக் கல்லூரி இன்று அவர் பெயரிலேயே நடக்கிறது. சத்துணவு பிறந்த அதே 1982இல் பாரதிதாசன் பல்கலைக்கழகம் வந்தது. தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை, கரூர், பெரம்பலூர், அரியலூர் எல்லாம் அதன் எல்லைக்குள் அடக்கம். ஸ்ரீரங்கம் வட்டத்து நாவலூர் குட்டப்பட்டில் 2013இல் தேசியச் சட்டப் பள்ளி தொடங்கியது. இவ்வளவு கல்விக்கூடங்களை நம்பி வருகிறவர்களில் பெரும்பகுதியினர் இந்த ஊரில் பிறந்தவர்கள் அல்ல. காவிரிப் படுகையிலிருந்தும் அதை ஒட்டிய வானம் பார்த்த பூமியிலிருந்தும் வருகிறவர்கள்.

அவர்களைப் பார்க்கச் சரியான இடம் சத்திரம் பேருந்து நிலையம், சரியான நேரம் மதியம் ஒன்றரை மணி. பல கல்லூரிகள் இரண்டு ஷிப்டாக நடப்பதால் அந்த நேரத்தில் ஒரு கூட்டம் இறங்கும், இன்னொரு கூட்டம் ஏறும். காலை ஷிப்ட் மாணவர் முசிறிப் பக்கமிருந்து வருகிறவர் என்றால் ஆறு மணி வண்டியைப் பிடித்திருப்பார். அந்நேரத்துக்கு வீட்டில் அடுப்பு மூட்டியிருந்தாலே பெரிது. சத்திரத்தில் இறங்கி ஒரு டீ, இரண்டு பிஸ்கட். வகுப்பு முடிந்து வந்தால் கையில் இருப்பது இருபது, முப்பது ரூபாய். அளவுச் சாப்பாட்டுக்கே அது போதாது. ஒரு சமோசா, ஒரு சர்பத், பிறகு வீடு போய்ச் சேர மூன்றரை மணி. மாலை ஷிப்ட் மாணவர் வீட்டில் பத்து மணிக்கே பழைய சோறோ புளிச்சோறோ சாப்பிட்டுக் கிளம்பியிருப்பார். அடுத்த வேளை இரவு எட்டு மணிக்கு.

முகூர்த்த நாள்களில் திருச்சி, ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபங்களில் பரிமாறுகிற பையன்களிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தால் பாதிப் பேர் கல்லூரி மாணவர்களாக இருப்பார்கள். கேட்டரிங் வேலைக்குப் போவது என்று அதற்குப் பெயர். ஒரு நாள் கூலியும் கிடைக்கும், வயிறாரச் சாப்பாடும் கிடைக்கும். கடைசிப் பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு அவர்கள் சாப்பிட உட்கார மணி பதினொன்று ஆகிவிடும். மறுநாள் காலை ஷிப்டில் முதல் மணி வகுப்புக்கு அந்தப் பையன் வரவில்லை என்றால் வருகைப்பதிவில் அதற்குக் காரணம் எழுத இடமில்லை.

பிரான்சின் கதைக்கு வருவோம். இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்திலேயே அங்கே மாணவர் சங்கங்கள் தாமே உணவகங்களையும் தங்குமிடங்களையும் நடத்தத் தொடங்கிவிட்டன. 1936இல் கல்வி அமைச்சர் ழான் சே இந்தப் பணிகளை ஒழுங்குபடுத்த ஒரு குழு அமைத்தார். போர் முடிந்த மறு ஆண்டு, 1946இல், மாணவர் சங்கம் கிரெனோபிளில் கூடி ஒரு சாசனம் இயற்றியது. மாணவர் என்பவர் அறிவுத்துறையில் உழைக்கும் இளம் தொழிலாளி என்று அது வரையறுத்தது. அந்த ஒரு வரையறையிலிருந்து நிறைய விளைந்தது. உழைப்பாளிக்கு உணவும் உறைவிடமும் மருத்துவமும் உரிமை. பசித்த பிள்ளைக்கு இரங்கிச் செய்யும் தருமம் அல்ல. 1955 சட்டம் மாணவர்கள் நடத்திவந்ததை அரசு நிறுவனமாக்கியது. ஆனால் மாணவர்களை வெளியே அனுப்பிவிடவில்லை. இன்றும் ஒவ்வொரு மையத்தின் நிர்வாகக் குழுவிலும் மாணவர்கள் தேர்தலில் வென்று உட்காருகிறார்கள்.

இப்போது நாடு முழுக்க 26 வட்டார மையங்கள். ஒரு மையம் ஒரு கல்லூரிக்குச் சொந்தமானதல்ல. அந்த வட்டாரத்தில் படிக்கும் எல்லா மாணவருக்கும் பொது. உணவகத்தில் நுழைந்து அட்டையையோ கைபேசியையோ காட்டினால் ஒரு முதன்மை உணவும் கூட ஓரிரு பண்டங்களும் கொண்ட தட்டு பல ஆண்டுகளாக 3.30 யூரோவுக்குக் கிடைத்துவந்தது. ஒரு யூரோ ஏறக்குறைய நூறு ரூபாய் என்றாலும் அந்த நாட்டு விலைவாசிக்கு இது மிகக் குறைவு. தட்டின் அடக்கவிலை இதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். மிச்சத்தை அரசு ஏற்கிறது. கொரோனா ஊரடங்கில் பகுதிநேர வேலை பறிபோய், பாரிஸ் தெருக்களில் மாணவர்கள் இலவச உணவுப் பொட்டலத்துக்கு வரிசையில் நின்றார்கள். 2021 ஜனவரியில் எல்லா மாணவருக்கும் ஒரு யூரோ சாப்பாடு அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு கோடைக்குப் பிறகு உதவித்தொகை பெறுவோருக்கும் நெருக்கடியில் இருப்போருக்கும் மட்டும் அது தொடர்ந்தது. ஆண்டுக்கு நான்கு கோடிக்கும் மேற்பட்ட சாப்பாடுகள் இந்தக் கூடங்களில் பரிமாறப்படுகின்றன.

சாப்பாடு கண்ணுக்குத் தெரியும் பகுதி. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு இரண்டு ஏற்பாடுகள்.

ஒன்று, விண்ணப்பம். உதவித்தொகைக்கும் அறைக்கும் சேர்த்து மாணவர் ஒரே ஒரு கோப்புதான் கொடுக்க வேண்டும். அதுவும் கல்வியாண்டு தொடங்குவதற்குப் பல மாதம் முன்பே, எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்று தெரிவதற்கு முன்பே. பெற்றோர் வருமானம் எவ்வளவு, வீட்டில் இன்னும் எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள், வீட்டுக்கும் கல்லூரிக்கும் எவ்வளவு தூரம் என்று பார்த்துப் புள்ளிகள் தருகிறார்கள். தூரத்துக்குப் புள்ளி உண்டு என்பதை நம் அதிகாரிகள் கவனிக்க வேண்டும். துறையூரிலிருந்து வரும் பெண்ணுக்கும் திருச்சித் தெப்பக்குளத்தருகே வீடுள்ள பெண்ணுக்கும் ஒரே கட்டணத்தில் ஒரே படிப்பு என்றாலும் ஆகும் செலவு ஒன்றல்ல. உதவித்தொகை மாதாமாதம் வந்துவிடும்.

இன்னொன்று, சமூகப் பணியாளர். ஒவ்வொரு மையத்திலும் இவர்கள் இருக்கிறார்கள். வீட்டோடு சண்டை, திடீர் நோய், பெற்றோர் வேலை இழப்பு, வாடகை பாக்கி என்று எது வந்தாலும் மாணவர் நேரில் போய்ச் சொல்லலாம். விசாரித்து ஒரு குழுவின் முன் வைத்து அவசர உதவி வாங்கித் தருவது அவர்கள் பணி.

இப்படி ஒருவர் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு நம் வட்டாரத்திலேயே உலகறிந்த சாட்சி உண்டு. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904இல் உதவித்தொகையோடு சேர்ந்தார் சீனிவாச இராமானுஜன். கணிதத்தில் மூழ்கி மற்ற பாடங்களில் தவறியதால் அந்தத் தொகை போயிற்று. 1905இல் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். இந்தியாவில் அவர் பட்டம் வாங்கவே இல்லை. அவர் மேதை என்பதால் இந்த விவரம் நமக்குத் தெரிகிறது. மேதை அல்லாத எத்தனையோ பேர் இப்படித்தான் ஒரு பருவத் தேர்வோடு காணாமல் போகிறார்கள். அவர்களை இடைநின்றவர்கள் என்று புள்ளிவிவரத்தில் சேர்த்துவிடுகிறோம்.

பிரெஞ்சு ஏற்பாட்டிலும் ஓட்டைகள் உண்டு. சுமார் முப்பது லட்சம் மாணவர்கள் உள்ள நாட்டில் இந்த மையங்களின் அறைகள் ஏறக்குறைய 1,75,000. நூற்றுக்கு ஆறு பேருக்குத்தான் அறை. பாரிஸ் வாடகை மற்றவர்களை நசுக்குகிறது. 2018 முதல் பெரும்பாலான மாணவர்கள் ஆண்டுக்கு நூறு யூரோ அளவில் மாணவர் வாழ்வுக் கட்டணமும் கட்ட வேண்டியிருக்கிறது. உதவித்தொகை பெறுவோருக்கு விலக்கு. குறைகள் எத்தனை இருந்தாலும், எங்கே போய்க் கேட்பது என்று அங்கே ஒரு மாணவருக்குத் தெரியும். கேட்டதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு ஓர் அலுவலகத்துக்கு உண்டு.

நம் பக்கம் இது ஏன் இப்படி வளரவில்லை? மாணவருக்குச் சோறிடும் வழக்கம் நமக்குப் புதிது என்று யாரும் சொல்ல முடியாது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் பெயரில் கட்டிய சத்திரத்தில் வழிப்போக்கருக்கு மட்டுமின்றி மாணவருக்கும் உணவும் படிப்பும் கிடைத்தன. இந்தச் சத்திரங்களின் வருமானத்தைப் பறித்துவிடாதீர்கள் என்று 1801இல் ஆங்கிலக் கம்பெனிக்கு அவர் எழுதிய கடிதத்தில், அங்கே தங்கிப் படிப்பவர்கள் பெறும் உதவிகளை ஒவ்வொன்றாக விவரிக்கிறார்.

ஆனால் நம் பந்தியில் யார் யாரோடு உட்காருவது என்ற கேள்வி தீராமல் கிடந்தது. திருச்சி வரகனேரியில் பிறந்த வ.வே.சு. ஐயர், 1922இல் சேரன்மாதேவியில் குருகுலம் தொடங்கினார். தேசியக் கல்வி தருவதற்காகக் காங்கிரஸ் கட்சி பணம் கொடுத்த நிறுவனம் அது. அங்கே இரண்டு பிராமணச் சிறுவர்களுக்குத் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது தெரியவந்ததும் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்துக் கிளம்பினார்கள். தமிழ்நாட்டு அரசியல் திசைமாறிய தருணங்களில் அது ஒன்று. 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் ஐயர் இறந்துபோனார்; குருகுலமும் நிலைக்கவில்லை. இரண்டு பிள்ளைகளின் இலையைத் தள்ளிப்போட்டது ஒரு தேசிய இயக்கத்தைப் பிளக்கும் அளவுக்கு முக்கியமான விஷயமாக இருந்தது. அப்படி எதிர்த்தது சரியும்கூட.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பே சென்னையில் டாக்டர் சி. நடேசனார் திராவிடர் இல்லம் நடத்தினார். வெளியூரிலிருந்து படிக்க வந்த பிராமணரல்லாத மாணவர்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும் கிடைக்காததே அதற்குக் காரணம். நீதிக்கட்சியின் வேர்களில் ஒன்று ஒரு மாணவர் விடுதியில் இருக்கிறது. தாழ்த்தப்பட்டோர் நிலை இதைவிடக் கொடிது. காசு கொடுத்தாலும் ஊரில் அவர்களுக்கு அறை இல்லை. 1920 வாக்கில் சென்னை மாகாண அரசு தொழிலாளர் ஆணையரிடம் அவர்கள் முன்னேற்றப் பணியை ஒப்படைத்தது. இன்றைய ஆதிதிராவிடர் நல விடுதிகளின் தொடக்கம் அந்த வழியில் வந்தது. அகில இந்திய அளவில் 1944இல் பட்டியல் சாதி மாணவருக்கான மேற்படிப்பு உதவித்தொகை வந்தது. பிற்படுத்தப்பட்டோருக்கு 1969இல் தனித்துறை, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 1989இல் தனித்துறை.

இந்த வரலாற்றை நினைவில் வைத்துக்கொள்ளாமல் விடுதிகள் எல்லாம் ஏன் சாதிவாரியாக இருக்க வேண்டும் என்று கேட்பது அநியாயம். ஊர் கதவைச் சாத்தியபோது அரசு திறந்த கதவு அது. பிரான்சில் மாணவர் நலம் வருமானத்தை அளவுகோலாக வைத்து வளர்ந்தது, இங்கே விலக்கிவைத்தலுக்கு மாற்றாக வளர்ந்தது. இரண்டும் வேறு வேறு காயங்களுக்குப் போட்ட மருந்து.

கலந்து உண்ட பந்தியும் திருச்சியில் இருந்திருக்கிறது. 1950இல் இராமேசுவரத்திலிருந்து தூய வளனார் கல்லூரிக்கு வந்த அப்துல் கலாம் நான்கு ஆண்டுகள் விடுதியில் தங்கினார். அறைத் தோழர்கள் இருவர்: ஒருவர் ஸ்ரீரங்கத்து வைதிக ஐயங்கார், மற்றவர் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர். மூன்றாம் ஆண்டில் கலாம் சைவ மெஸ்ஸின் செயலாளர் ஆனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லூரித் தலைவரான பாதிரியாரை அழைத்து, மூன்று வீட்டுச் சமையலும் கலந்த விருந்து வைத்ததை ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் மகிழ்ச்சியோடு நினைவுகூர்கிறார். சேரன்மாதேவிப் பிளவுக்குப் பிறகு முப்பது ஆண்டுகூட ஆகவில்லை. இராமேசுவரத்து முஸ்லிம் மாணவர் சைவ மெஸ்ஸை நடத்துகிறார், ஸ்ரீரங்கத்து ஐயங்கார் பிள்ளை உடன் உட்கார்ந்து சாப்பிடுகிறார். கலாமுக்கு அடுத்த படிப்புக்குச் சென்னை எம்.ஐ.டி.யில் சேரப் பணம் வேண்டியிருந்தபோது, அக்கா தன் நகைகளை அடகு வைத்தார் என்பதும் அதே நூலில் இருக்கிறது. இன்றுவரை தமிழ்நாட்டில் பல மாணவர்களின் அவசர உதவி நிதி அக்காவின் கழுத்திலும் கையிலும்தான் இருக்கிறது.

கலாம் நடத்திய மெஸ்ஸின் முறை இப்போதும் பல கல்லூரி விடுதிகளில் உயிரோடு இருக்கிறது. டிவைடிங் முறை என்பார்கள். மாணவர் பிரதிநிதிகள் சமையல்காரரோடு விடியற்காலையில் காந்தி மார்க்கெட் போய்க் காய்கறி வாங்குவார்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், எரிவாயு, சமையல் கூலி எல்லாம் சேர்த்து மாத முடிவில் வரும் மொத்தத்தை, அந்த மாதம் எல்லோரும் சாப்பிட்ட நாள்களின் மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு நாள் செலவு வந்துவிடும். ஊருக்குப் போன நாள்களுக்கு மெஸ் கட். கணக்குத் தாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். வெங்காயம் விலை ஏறிய மாதத்தில் சாம்பாரில் வெங்காயம் குறைந்ததற்குப் பிரதிநிதி பதில் சொல்ல வேண்டும். பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பொதுநிர்வாகப் பாடம் எதுவும் நான் அறியேன். பிரான்சில் தேர்தல் வைத்துச் செய்வதை நம் பிள்ளைகள் மார்க்கெட்டில் பேரம் பேசிச் செய்கிறார்கள்.

அரசு விடுதிகளின் நிலை வேறு. தமிழ்நாட்டில் 2,739 அரசு மாணவர் விடுதிகளில் ஏறக்குறைய 1,80,000 பேர் தங்கிப் படிக்கிறார்கள். 2025 ஜூலையில் இவை அனைத்துக்கும் சமூகநீதி விடுதிகள் என்று பொதுப்பெயர் சூட்டப்பட்டது. வாசலில் சாதியைச் சொல்லும் பலகை இல்லாமல் போனது நல்ல காரியம். பெயர் ஒன்றானாலும் துறைகள் தனித்தனியாகவே இருக்கின்றன. உணவுப்படி 2023இல் கல்லூரி மாணவருக்கு மாதம் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. ஒரு நாளைக்கு ஐம்பது ரூபாய். மூன்று வேளை, வளரும் உடம்பு, வாரம் ஒருமுறையாவது கறி, முட்டை. காப்பாளரும் சமையலரும் எவ்வளவு நேர்மையாக நடந்துகொண்டாலும் இந்தப் பணத்துக்குள் பத்தொன்பது வயதுப் பிள்ளையின் பசியை அடக்க முடியாது. சில ஆண்டுக்கு ஒருமுறை மாணவர்கள் குரல் கொடுத்த பிறகு உயர்த்துவதை விட்டு, விலைவாசியோடு ஆண்டுதோறும் தானாக உயரும்படி இந்தப் படியைக் கட்டிவிட வேண்டும்.

விடுதிக்குள் இருப்பவரைப் பற்றியாவது கணக்கு இருக்கிறது. டே ஸ்காலரைப் பற்றி எந்தக் கணக்கும் இல்லை. அவருக்கு வருவது ரொக்கம். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 செப்டம்பர் முதல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். ஆண்களுக்கு 2024 ஆகஸ்டு முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. இவற்றைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. தன் பெயரில் வங்கிக் கணக்கும் அதில் மாதம் ஆயிரமும் இருக்கும் பெண்ணைப் பாதியில் நிறுத்திக் கல்யாணம் பேசுவது வீட்டாருக்கு அவ்வளவு எளிதில்லை. 2021 முதல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் இருப்பதும் அதே வகை விடுதலை. ஆனால் ரொக்கம் வீட்டுக்குள் போனதும் வீட்டுக் கணக்கில் கலந்துவிடுகிறது. தம்பியின் டியூஷன், அம்மாவின் மாத்திரை, சுயஉதவிக் குழுத் தவணை. அந்தப் பெண் அதைக் கொடுக்காமல் இருக்கமாட்டாள். தட்டில் போட்ட சோறு அவள் வயிற்றுக்கு மட்டும் போகும். இரண்டும் வேண்டும், ஒன்று மற்றதற்கு மாற்று ஆகாது.

உயர்கல்வியில் சேருவோர் விகிதம் தமிழ்நாட்டில் 47 விழுக்காடு என்று 2021-22ஆம் ஆண்டு அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு சொல்கிறது. நாட்டின் சராசரி 28.4. இந்த உயரத்துக்கு வந்த பிறகும் மாணவர் என்றால் பள்ளிப் பிள்ளை என்ற பழைய நினைப்பிலேயே நலத்திட்டங்கள் நிற்கின்றன. 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் பொறியியல் சேரும் அரசுப் பள்ளி மாணவருக்கு 2021 முதல் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அதே பள்ளியில் அடுத்த பெஞ்சில் படித்து அரசுக் கலைக் கல்லூரியில் வரலாறு படிக்கப் போனவருக்கு ஒரு வேளைச் சாப்பாடும் இல்லை. இந்த வேறுபாட்டுக்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் திருச்சியில் என்ன செய்யலாம்? துறைகளை எல்லாம் கலைத்துவிட்டு ஒரு பெரிய வாரியம் அமைப்பது என் யோசனை அல்ல. அதில் ஆபத்து இருக்கிறது. ஆதிதிராவிடர் மாணவருக்கென்று சட்டமும் போராட்டமும் பெற்றுத்தந்த நிதி பொதுக் குளத்தில் கலந்தால் கடைசியில் அவர்கள் பங்குதான் வற்றும். விடுதிகள் அந்தந்தத் துறையிடமே இருக்கட்டும். பாரதிதாசன் பல்கலைக்கழக எல்லையை ஒரு வட்டாரமாகக் கொண்டு மாணவர் வாழ்வு மையம் ஒன்று வேண்டும். அரசு, உதவிபெறும், சுயநிதி என்று பார்க்காமல் எந்தக் கல்லூரி அடையாள அட்டைக்கும் திறந்திருக்கிற மையம். அதற்கு மூன்றே வேலைகள் போதும்: பொது உணவுக்கூடங்கள் நடத்துவது, எல்லாத் துறை உதவிக்கும் ஒரே விண்ணப்பம் வாங்கி உரிய இடத்துக்கு அனுப்பித் தொடர்வது, அவசர உதவிக்குச் சமூகப் பணியாளரை உட்காரவைப்பது.

முதல் கூடம் சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்க வேண்டும், இரண்டாவது காஜாமலைப் பக்கம். காலை ஏழரைக்குத் திறந்து, ஷிப்ட் மாறும் மதியம் முழுக்க அடுப்பு எரிய வேண்டும். செலவை ஓர் உத்தேசமாகப் போட்டுப் பார்க்கிறேன். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் சாப்பாடு, சாப்பாட்டுக்கு நாற்பது ரூபாய், ஆண்டுக்கு இருநூறு வேலை நாள் என்று வைத்தால் எட்டுக் கோடி ரூபாய். மாணவர் பதினைந்து ரூபாய் கொடுத்தால் அரசின் பங்கு ஐந்து கோடி. இது ஒரு மேம்பாலத்தின் சிறு துண்டுக்கு ஆகும் பணம். பதினைந்து ரூபாய் வாங்க வேண்டும் என்றே நான் சொல்வேன். காசு கொடுத்துச் சாப்பிடுகிறவர் சாம்பார் நீர்த்துப்போனால் தயங்காமல் கேட்பார். கணக்கைப் பலகையில் ஒட்டும் மெஸ் பிரதிநிதி முறையையும் இந்தக் கூடங்களுக்குக் கொண்டுவர வேண்டும்.

இப்படி நடத்த முடியும் என்பதற்கு முன்மாதிரிகள் கண்முன்னே இருக்கின்றன. 2013இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகம் அதே ஆண்டு திருச்சிக்கும் வந்தது. ஐந்து ரூபாய் சாம்பார் சாதத்துக்கு மாணவர்களும் நிற்கிறார்கள். பணிபுரியும் பெண்களுக்கு என்ன சாதி என்று கேட்காமல் அறை தரும் தோழி விடுதிகளை அரசு நிறுவனம் ஒன்று நடத்துகிறது. ஸ்ரீரங்கம் அரங்கநாதர் கோயிலில் 2012 முதல் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. பழனி தண்டாயுதபாணி கோயில் தன் கல்லூரிகளில் படிக்கும் மாணவருக்கு 2022 நவம்பர் முதல் காலைச் சிற்றுண்டி தருகிறது. காலை வகுப்புக்கு வரும் பிள்ளை பசியோடு வருகிறது என்பதைக் கல்லூரி மாணவர் விஷயத்தில் ஏற்றுக்கொண்ட இடம் அது. பழனி மாணவருக்கு உள்ள பசிதான் லால்குடி மாணவருக்கும்.

அரசு தொடங்கும்வரை கல்லூரிகள் காத்திருக்க வேண்டியதில்லை. மலைக்கோட்டையைச் சுற்றி நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் கல்லூரிகளின் விடுதி மெஸ்களில், வெளியிலிருந்து வரும் மாணவருக்கு மதியச் சாப்பாட்டு டோக்கன் கொடுப்பதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், புதுச் சட்டம் வேண்டாம். முதல்வர்கள் ஒருநாள் மாலை ஒன்றாக உட்கார்ந்து பேசினால் போதும். முன்னாள் மாணவர் சங்கங்கள் ஆண்டுதோறும் திரட்டும் பணத்தில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கலாம். மாணவர்களும் அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொரு வேட்பாளரிடமும் இதைக் கேட்க வேண்டும்: பத்தாம் வகுப்பு வரை போட்ட சோற்றைப் பட்டம் வாங்கும்வரை போடுவதாக எழுதிக் கொடுப்பீர்களா?